நான்கு குழல்களும் ஒரு மலைப்பாம்பும்

எல்வுட் ஸெர்பி தன் மனைவியிடம் ஒரு பொய் சொல்வதென்று முடிவு செய்தது பிப்ரவரி நான்காம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பதினாறு நிமிடத்துக்கு. இடம், கிளீட் மோயரின் துப்பாக்கிக் கடை, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால். நாற்பத்தொரு வருட இல்லறத்தில் இது நான்காவது பொய். முதல் மூன்றும் மச்சினியின் சமையலைப் பற்றியவை. அவற்றைக் கணக்கில் சேர்ப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

குவாரியில் முப்பத்தொரு வருடம் கல் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். எண்ணாமல் எதையும் கடந்து போகமாட்டார்.

பொய் சொல்லும் நிலைக்கு அவர் வந்ததற்குக் காரணம் அவருடைய கொள்கை. கொள்கை இல்லாத ஆளுக்குப் பொய்யின் தேவை அவ்வளவாக வராது.

கொள்கை இதுதான். பேர் பெற்ற பொருளின் விலையில் பாதி பேருக்குப் போகிறது. அதன் பக்கத்திலேயே பேரில்லாமல் உட்கார்ந்திருக்கும் பொருள் அதே வேலையைச் செய்யும். சில சமயம் இன்னும் நன்றாகச் செய்யும்.

ரிவால்வர் விஷயத்தில் இதை அவர் பதினோரு வருடமாகப் பிரசங்கம் செய்துவந்தார். ஸ்டோனி ரன் தீயணைப்புக் கூடத்தில் வியாழக்கிழமை காபிக்கு வரும் யாரிடம் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மலைப்பாம்பின் பேர் வைத்த கோல்ட் பைத்தானை எல்லோரும் கும்பிடுகிறார்கள். அதன் பங்காளி ட்ரூப்பரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே அதே எலும்பு, அதே நரம்பு. வெளியே மெருகு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஸ்மித் அண்ட் வெஸனில் பளபளக்கும் அண்ணனுக்கு அலைகிறார்கள். மெருகேற்றாத தம்பி ஹைவே பெட்ரோல்மேன் அதே இரும்பு. ரூகர் செக்யூரிட்டி சிக்ஸைக் கொண்டு ஆணிகூட அடிக்கலாம், அடிக்கக் கூடாது, ஆனால் அடிக்கலாம். இப்படி ஐந்து ரிவால்வர்கள் அவருடைய நிலவறைப் பெட்டகத்தில் இருந்தன. ஐந்தும் ஊர் மறந்தவை. பெட்டகத்தின் பூட்டு எண் மனைவி லவீனாவின் பிறந்தநாள். அவர் மறந்துவிடக் கூடாதென்று அவளே வைத்த எண் அது.

கொள்கை நிலவறையோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அது மாடிப்படி ஏறி சமையலறைக்கும் வந்தது. லவீனாவின் குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், பனிக்காலச் செருப்பு எல்லாம் பேர் தெரியாதவை. கல்யாணமான புதிதில் அவள் நயாகரா பார்க்க வேண்டும் என்றாள். அவர் டோப்ஸ் ரன் அருவிக்குக் கூட்டிப்போனார். உயரம் பதினோரு அடி. அன்றைக்கு அங்கே மொத்தம் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் தொலைந்த நாயைத் தேடி வந்தவர்.

சரியாகச் சொன்னால் விவகாரம் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஊரே ஃபாஸ்ட்நாக்ட் சாப்பிடும். உருளைக்கிழங்கு மசித்துப் பிசைந்து பொரிக்கும் இனிப்பு வடை அது. தேவாலயத்துக்காக லவீனா வருடாவருடம் நாற்பது டஜன் போடுகிறாள்.

"ஏங்க, இந்த வருஷமாவது அந்த மாவு பிசையற மிஷினை வாங்கலாமா?"

"எந்த மிஷின்?"

"ஊர்ல எல்லார் வீட்டுலயும் செவப்பா நிக்குதே, அது."

"நம்ம வீட்டுலயும் ஒண்ணு நிக்குதே."

"நிக்கறதில்லைங்க. அதான் பிரச்சனையே. நடக்குது."

உண்மைதான். வீட்டிலிருந்தது ஹார்ட்லின் என்ற கம்பெனியின் இயந்திரம். கம்பெனி ஒன்பதே வருடம் இருந்தது. இயந்திரம் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது. மாவைப் போட்டு ஓடவிட்டால் சுவரோரத்திலிருந்து மேடையின் விளிம்பை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பிக்கும். எல்வுட் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தார். நாலு நிமிடம் பத்து விநாடி.

"நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் உள்ள தள்ளிட்டா விழாது லவீனா."

"எட்டு ஈடு மாவு. ஒவ்வொண்ணும் பன்னெண்டு நிமிஷம். நான் அதை மேய்ச்சுக்கிட்டே நிக்கணுமா?"

"ஒரு ஈட்டுக்கு ரெண்டு தள்ளு. மொத்தம் பதினாறு. அதிகம்னு சொல்லமாட்டேன்."

"போன வருஷம் ஒரு தள்ளு விட்டுப்போச்சு. கால் கட்டைவிரல்ல விழுந்துச்சு."

"விழுந்துச்சே தவிர உடஞ்சுதா?"

"விரலா?"

"மிஷின்."

லவீனா துணியை எடுத்தாள். துணியால் மேடையைத் துடைத்தாள். மேடை ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். கிளீட் கண்ணாடிப் பெட்டியைத் துணியால் மூடி வைத்திருந்தார்.

"எல்வுட்டு, நீ இதைப் பாக்காதே. உன் கொள்கைக்கு ஆகாது."

"என்னது?"

"பல் டாக்டர் வீட்டுலேர்ந்து வந்துச்சு. அவர் போயிட்டாரே, அந்தம்மா வித்துடச் சொன்னாங்க."

துணியை எடுத்தார். பைத்தான், ஆறங்குலக் குழல். கறுப்புக்குள் நீலம்; நீலத்துக்குள் எல்வுட்டின் முகம். பதினெட்டு வயதில், மாவட்டச் சந்தையில், ஒரு ஷெரிஃப்காரர் தன் பைத்தானை அவர் கையில் இருபது விநாடி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த இருபது விநாடியை நாற்பத்தொன்பது வருடமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து ரிவால்வர்கள் வாங்கியதும் பதினோரு வருடம் பிரசங்கம் செய்ததும், நேராகச் சொன்னால், அந்த இருபது விநாடியை மறக்கத்தான்.

"எடுத்துப் பாக்கவா?"

"பாரு. ஆனா நான் சொல்றதைக் கேளு, இதுக்கு உன் பாஷையில பதில் இந்தா இருக்கு." கிளீட் மேல் அலமாரியிலிருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். "டான் வெஸன். நாலு குழல். ஆறு வருஷமா இங்கயே கெடக்கு. நீதான் ஊருக்கெல்லாம் இதைப் புகழ்ந்து பேசற. ஒருத்தனும் வாங்கலை. நீயும் வாங்கலை."

"நல்ல துப்பாக்கிப்பா அது. முனையில இருக்கற திருகைக் கழட்டினா குழல் வந்துரும். வேற குழலை மாட்டி, அந்த மெல்லிசு தகடு இருக்கு பாரு, அதை இடையில விட்டு இடைவெளி பாத்து, முறுக்கிட்டா முடிஞ்சுது. ஒரு துப்பாக்கி, நாலு துப்பாக்கி வேலை செய்யும்."

"அப்ப எடுத்துக்கோ."

"பைத்தான் எவ்வளவு?"

மூவாயிரத்து நூறு டாலர். ஆறு கோடை காலம் அக்கம்பக்கத்துப் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்துச் சேர்த்தது ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. படிவம் நிரப்பினார். கிளீட் தொலைபேசியில் போலீஸ் பதிவைச் சரிபார்த்தார். ஒன்பது பதினாறுக்குப் பொய் சொல்லும் அந்த முடிவு வந்தது. சிவப்பு மாவு மிஷினை மறுத்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் உண்மையைச் சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரிந்தது.

"கிளீட், லவீனா கேட்டா..."

"நான் கடைக்காரன். கேட்டா மரம் மாதிரி நிப்பேன்."

பைத்தானின் குழலில் அதன் பேர் வெட்டியிருக்கிறது. லவீனாவுக்குப் படிக்கத் தெரியும். ஆகவே வண்டியிலேயே உட்கார்ந்து, குழலைச் சுற்றி எண்ணெய்த்துணியை ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பழைய சட்டையின் கட்டம் போட்ட துணி.

லவீனா நிலவறைக்கு ஊறுகாய் ஜாடி எடுக்க வந்தபோது அவர் அதைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது?"

"ரிவால்வர்."

"அது தெரியுது. கையொடிஞ்சவனுக்குக் கட்டு போட்ட மாதிரில்ல இருக்கு."

"துரு. எண்ணெய்த்துணி சுத்தியிருக்கேன். பதினஞ்சு நாள் பிரிக்கக் கூடாது."

"யார் செஞ்சது?"

"பேர் சொன்னா உனக்குத் தெரியாது."

"சொன்னாத் தெரிஞ்சுக்குவேன்ல."

"பேரே இல்லாத கம்பெனி லவீனா. அவ்வளவு பேர் தெரியாதது."

"எவ்வளவு ஆச்சு?"

"இருநூத்தி எண்பது."

"ஓ," என்றாள் லவீனா.

அவளுடைய "ஓ" மூன்று நீளங்களில் வரும். நீளமானது வியப்பு. நடுத்தரமானது சந்தேகம். இது மூன்றாவது, மிகச் சின்னது. அது எதற்கென்று நாற்பத்தொரு வருடத்தில் அவர் கண்டுபிடிக்கவில்லை. அபூர்வமாகத்தான் வரும், இதற்கு முன்னால் ஏழு தடவை.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நிலவறைக்கு இறங்கினார். இருபது நிமிடம். கட்டைப் பிரித்து, மென்துணியால் துடைத்து, குண்டு போடும் உருளையைக் காலியாகச் சுழலவிட்டு, அது நிற்கும் சத்தத்தைக் கேட்டு, திரும்பவும் ஏழு சுற்று. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விசை இறங்கியது. ட்ரூப்பரில் அதே எலும்பு, அதே நரம்பு என்று பதினோரு வருடம் சொன்னவர், இதைத் தொட்டபின் ட்ரூப்பரின் பக்கம் பார்க்காமலே பெட்டகத்தை மூடினார். பெற்ற பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பாராட்டுகிற தகப்பனுடைய கூச்சம் அவருக்கு இருந்தது.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. யாரிடமும் காட்ட முடியாது. கூடத்தில் காட்டினால் அரை மணியில் லவீனாவுக்குப் போகும். போகாவிட்டாலும், கொள்கைக்காரர் பைத்தான் வாங்கினார் என்றால் காபியே குடிக்கவிடமாட்டார்கள். ஒருவரும் பார்க்காத பைத்தானுக்கும் பேர் தெரியாத துப்பாக்கிக்கும் வித்தியாசமில்லை என்பது எட்டாவது நாள் காலையில் அவருக்குப் புரிந்தது. புரிந்ததைச் சொல்லவும் ஆளில்லை.

எட்டாவது நாள், பன்னிரண்டாம் தேதி வியாழன், அவருடைய வருடாந்தரப் பேச்சு. தீயணைப்புக் கூடத்தில் வேட்டைக் கழகம் நடத்துவது. தலைப்பு எப்போதும் ஒன்றே: "மறந்துபோன ரிவால்வர்கள்". முப்பத்துநாலு பேர் வந்திருந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்தவர் மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டார். அங்கே பின்னல் ஊசியும் நூலுமாக லவீனா உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் அவள் வந்ததில்லை.

"நீ எங்க இங்க?"

"வரக் கூடாதா? நாலு நல்ல விஷயம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

பேச்சு வழக்கம்போல நன்றாகவே போனது. நாற்பது நிமிடம். செக்யூரிட்டி சிக்ஸுக்குச் சிரித்தார்கள். ஹைவே பெட்ரோல்மேனுக்குத் தலையாட்டினார்கள். டான் வெஸனின் குழலை மாற்றும் விதத்தை அவர் கையில் ஒன்றுமில்லாமலே அபிநயம் பிடித்துக் காட்டினார். கடைசியில் கேள்வி நேரம். ரூஃபஸ் கிளைன் எழுந்தார். வருடாவருடம் அவர்தான் எழுவார். வருடாவருடம் அதே கேள்விதான்.

"ஏம்ப்பா எல்வுட்டு, ஒருத்தன் ஒரு பைத்தானை உனக்குச் சும்மாவே கொடுத்தான்னு வையி. வச்சுக்குவியா மாட்டியா?"

இதற்கு எல்வுட்டிடம் ஒரு பதில் இருந்தது. பதினோரு வருடமாகக் கைதட்டல் வாங்கிய பதில். மூளை யோசிப்பதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது.

"அன்னிக்கே கிளீட் கடையில அதைக் கொடுத்துட்டு, ஒரு டான் வெஸனை வாங்கிக்கிட்டு, மிச்சக் காசை வீட்டுக்குக் கொண்டாருவேன்!"

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஊசி நின்றது.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் லவீனா. "பொம்பளைங்க கேக்கலாமா?"

"தாராளமாக் கேளு லவீனா," என்றார் ரூஃபஸ், கூடமே தன்னுடையது போல.

"அந்த டான் வெஸன், பைத்தானளவுக்கு வருமாங்க? நெசமாவே?"

முப்பத்துநாலு பேர் எல்வுட்டைப் பார்த்தார்கள்.

"வரும்," என்றார் எல்வுட்.

"அளவுக்கா? இல்ல மேலயா?"

"...மேலதான்."

"சும்மா பேச்சுக்குச் சொல்லலையே?"

"ஏம்மா, பதினோரு வருஷமா சொல்றாரு," என்றார் கிளீட் பின் வரிசையிலிருந்து. பிறகு திடீரென்று காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

"சரிங்க," என்றாள் லவீனா. ஒரு காகித உறையின் பின்புறத்தில் என்னவோ எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசியது ஒரே வாக்கியம். "நல்லாப் பேசுறீங்க, இவ்வளவு நாள் வராமப் போயிட்டேன்."

எல்வுட்டுக்கு அன்றிரவு நல்ல தூக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வண்டியின் வருடாந்தரச் சோதனைக்குப் பக்கத்து ஊர் போனார். போக, இருக்க, வர நான்கு மணி ஐம்பது நிமிடம். திரும்பி வந்தபோது வீட்டில் வினோதமாக எதுவுமில்லை. சாப்பாட்டுக்குப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும். அவர் கேட்காமலே லவீனா இரண்டாம் முறையும் பரிமாறினாள். அதை அவர் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. பெட்டகத்தைத் திறந்தார். கட்டம் போட்ட துணி, ஏழு சுற்று, முடிச்சு. எல்லாம் இருந்தபடியே. கைக்கு வாகாக எடுத்து, வழக்கம்போல முதலில் உருளையைத் திறக்கக் கட்டைவிரலைத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோனார்.

தாழ்ப்பாள் இல்லை.

கட்டைவிரல் இன்னொரு தரம் தேடியது. உருளைக்குப் பின்னால், இருக்க வேண்டிய இடத்தில், வழுவழுவென்று இரும்பு மட்டும் இருந்தது. விரல் மெல்ல நகர்ந்தது; உருளைக்கு முன்னால் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. பின்னால் தாழ்ப்பாள் இல்லாமல், உருளைக்கு முன்னால் வைத்த ரிவால்வர் எது என்று அவருக்குத் தெரியும். முந்தாநாள்தான் முப்பத்துநாலு பேருக்கு விளக்கியிருந்தார்.

துணியைப் பிரித்தார். ஏழு சுற்று. முனையில் திருகு. டான் வெஸன்.

பெட்டகத்தின் அடித்தட்டில் ஒரு பெட்டி. உள்ளே இன்னும் மூன்று குழல்கள், ஒரு சாவி, ஒரு மெல்லிசுத் தகடு.

படிகள் பதின்மூன்று. அன்று அவர் அவற்றை எண்ணவில்லை.

சமையலறையில் விளக்கெரிந்தது. மேடையில் சுவரோரமாக ஒரு சிவப்பு இயந்திரம் மாவு பிசைந்துகொண்டிருந்தது. தேவாலயத்துப் பெண்கள் பேரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்களே, அதுதான். லவீனா அதற்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. பாத்தீங்களா?"

"லவீனா... அந்தக் கட்டு போட்ட..."

"உக்காருங்க மொதல்ல. நீங்க மனசைத் திடப்படுத்திக்கணும்." குரலில் அப்படியொரு பரிவு. "உங்களை ஏமாத்திட்டாங்க."

"யாரு?"

"யார் வித்தாங்களோ அவங்க. நேத்து அந்தத் துருவை யோசிச்சேன். கிளீட்டுகிட்ட நல்ல எண்ணெய் இருக்குமே, உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேன். அவர் துணியைப் பிரிச்சாரு. உள்ள பாத்தா, ஏங்க, அது பேர் இல்லாத கம்பெனியே இல்ல! பைத்தான்!"

எல்வுட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமா எதை வேண்டாம்னு சொல்றாரோ, அதையே அவர் தலையில கட்டிட்டாங்களே! பாவம், துணி சுத்தியிருந்ததால உங்களுக்குத் தெரியல."

"துணி நான்தான்..."

"நீங்கதான் சுத்துனீங்க. அதான் பாக்க முடியல. அந்தப் பேர் தெரியாததை நம்பிப் பத்து நாளா துடைச்சுக்கிட்டு இருந்தீங்களே, எனக்கு அழுகையே வந்துருச்சு." லவீனா காபியை ஒரு வாய் குடித்தாள். கண்ணில் ஈரம் எதுவும் இல்லை. "உங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்னு, நீங்க என்ன செஞ்சிருப்பீங்களோ அதையே நான் செஞ்சேன். எழுதி வச்சிருந்தேன்." காகித உறையை மேடையிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "'அன்னிக்கே கிளீட் கடையில அதைக் கொடுத்துட்டு, ஒரு டான் வெஸனை வாங்கிக்கிட்டு, மிச்சக் காசை வீட்டுக்குக் கொண்டாருவேன்.' வார்த்தை விடலையே?"

"இல்ல."

"ஒரு நாள் தாமதமாயிருச்சு. அது மட்டும் என் தப்பு."

இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எல்வுட் அதைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். நாலு நிமிடம் பத்து விநாடி கடந்தது. அது ஒரு நூலளவுகூட நகரவில்லை.

"இது?"

"மிச்சக் காசு."

"பேர் பெத்த மிஷினாச்சே லவீனா. நம்ம கொள்கை..."

"கொள்கை உங்களுது. அதனால உங்க துப்பாக்கி கொள்கைப்படி. எனக்குக் கொள்கை கிடையாது, மாவுதான் இருக்கு." அவள் எழுந்து மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அந்தப் பொட்டியில குழல் எத்தனை?"

"நாலு."

"பைத்தான்ல?"

"ஒண்ணு."

"உங்க கணக்குலயே மூணு லாபம். அப்புறம், அதை வாங்கின படிவத்துல என் பேர்தான் இருக்கு. நீங்க எப்ப வேணா எடுத்துச் சுடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் எல்வுட் கிளீட்டின் முன்னால் நின்றார்.

"மரம் மாதிரி நிப்பேன்னு சொன்னே."

"நின்னேன்ப்பா. மரத்துகிட்ட அவ பாட்டுக்குப் பேசினா. 'இது பைத்தான்தானே?'ன்னா. மரம் என்ன செய்யும்? புருஷன் பொண்டாட்டிக்குள்ள துப்பாக்கி கை மாறினா நம்ம மாநிலத்துல காகிதமே தேவையில்ல. சட்டம் அவ பக்கம். நீ வேற முப்பத்துநாலு பேர் முன்னால சத்தியம் பண்ணிட்ட."

"இப்ப அதை நான் திரும்ப எடுத்துக்கறேன். எவ்வளவானாலும் சரி."

"நேத்து மத்தியானமே போயிருச்சே."

"யாருக்கு?"

கிளீட் கண்ணாடிப் பெட்டியை, துடைக்க அவசியமில்லாத இடத்தில் துடைத்தார்.

"ரூஃபஸ் கிளைனுக்கு. 'எல்வுட்டே வேண்டாம்னு கழிச்ச பைத்தான்'னு சொல்லிச் சொல்லிக் காட்டுறான். உனக்கு ரொம்ப மரியாதை ஏறியிருக்கு."

அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் பதினேழு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சொன்னதைச் செய்கிற மனிதர் என்றார்கள். கையில் கிடைத்த பைத்தானைக் கொடுத்துவிட்டு மனைவிக்கு மாவு மிஷின் வாங்கித் தந்தவர், அதுவும் காதலர் தினத்துக்கு என்று பாதிரியாரே சொன்னார். பெண்கள் தங்கள் கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்வுட் தலை குனிந்து நின்றார். அடக்கமானவர் என்ற பேரும் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை நாற்பது டஜனும் முடிந்தது. லவீனாவின் கால் விரல்கள் பத்தும் பத்திரம்.

புதன்கிழமை அவர் டான் வெஸனை எடுத்துக்கொண்டு கழகத்தின் சுடுதளத்துக்குப் போனார். தனியாக. ஆறங்குலக் குழலை மாட்டி, தகடு விட்டு இடைவெளி பார்த்து, திருகை முறுக்கினார். இருபத்தைந்து கெஜத்தில் ஆறு குண்டு. இலக்கு அட்டையைப் போய்ப் பார்த்தார். ஆறும் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கும்படி விழுந்திருந்தன. ஐந்து ரிவால்வர்களில் எதிலும் அவர் இப்படிச் சுட்டதில்லை. அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பதினோரு வருடமாகத் தான் சொன்னது அத்தனையும் சரி என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. சரியாக இருப்பது இவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது வீட்டு முன்னறையில் ஒரு பயணப் பெட்டி நின்றது. வாசலில் மச்சினி ஃபெர்ன் வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தாள். லவீனா மேலங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மிச்சக் காசுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நானும் தங்கச்சியும் ரெண்டு நாள் நயாகரா போறோம். பனியில பாக்க இன்னும் நல்லா இருக்குமாம்."

எல்வுட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக, அவருக்கும் அந்தப் பெரிய அருவியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"லவீனா, வண்டியில இன்னொரு ஆளுக்கு எடமிருக்குமா?"

லவீனா படியிறங்கிப் பாதி வழியில் நின்று திரும்பினாள். முகத்தில் அந்தப் பரிவு மறுபடி வந்திருந்தது.

"உங்களை அந்தக் கூட்டத்துல இழுத்துட்டுப் போவேனா? மேடையில ரெண்டு சாண்ட்விச் கட்டி வச்சிருக்கேன். டோப்ஸ் ரன்னுக்குப் போயிட்டு வாங்க. ஒருத்தருமே இருக்கமாட்டாங்க."